டம்ப் டிரக்கில் டயர் பிரஷர் அலாரம் அடித்தால்: கேஜிலிருந்து வயரிங் வரை முழுமையான வழிகாட்டி

"அண்ணே, நாலாம் நம்பர் டயர் மறுபடியும் கத்துது. ஓட்டவா, நிறுத்தவா?"

நைட் ஷிஃப்ட்டில் இப்படி ஒரு போன் வந்தால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: நிறுத்து. நாலாம் நம்பர் என்றால் பின்பக்கம், இடது உள் டயர். முந்தாநாள் அது பொய்யாகக் கத்தியிருக்கலாம். இன்றைக்கும் பொய்தான் என்று கேபினில் உட்கார்ந்தபடி யாராலும் சொல்ல முடியாது. காற்றழுத்தம் அளக்கும் கேஜை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

சிங்கப்பூரில் சுரங்கம் கிடையாது. புலாவ் உபின் தீவின் கருங்கல் குவாரிகளும் 1999-இல் மூடப்பட்டுவிட்டன. ஆனாலும் துவாஸில் நான் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்புக்கு, வெளிநாட்டுச் சுரங்கங்களில் ஓடிய பெரிய டம்ப் டிரக்குகள் ஓவர்ஹாலுக்குக் கப்பலில் வருகின்றன. கடலைத் தூர்த்த நிலத்தில் மண் அடிக்கும், நடுவில் மூட்டு வைத்து மடங்கித் திரும்பும் 40 டன் ஆர்ட்டிகுலேட்டட் டிரக்குகளும் வருகின்றன. இரண்டிலும் டயர் பிரஷர் சிஸ்டம் உண்டு: ஒவ்வொரு சக்கரத்தின் சென்சாரும் காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் ரேடியோ வழியாக லாரியில் உள்ள ரிசீவருக்கு அனுப்பும், கேபினில் உள்ள டிஸ்ப்ளே அதைக் காட்டும். இரண்டிலும் நான் பார்த்த முக்கியமான தவறு ஒன்றுதான்: அலாரம் அடித்ததும் சென்சாரை மாற்றுவது. மாற்றினால் சில நாள் அமைதியாக இருக்கும், பிறகு மறுபடி அடிக்கும். மூன்றாவது முறை டிரைவர் அந்த டிஸ்ப்ளேயைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். உண்மையிலேயே காற்று இறங்கும் நாளிலும் பார்க்க மாட்டார். அதனால்தான் பொய் அலாரத்தையும் உண்மையான பழுதாக எடுத்துக்கொண்டு வேர் வரை போகச் சொல்கிறேன்.

முதல் வேலை: டயர் பக்கம் எப்படிப் போவது

இதைப் படிக்காமல் அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள்.

கேட்டர்பில்லர் 777 வகை டம்ப் டிரக்கின் 27.00ஆர்49 அளவு டயரில் 100 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அளவுக்குக் காற்று இருக்கும். அது வெடித்தால் பக்கவாட்டில் நிற்பவர் பிழைப்பது கடினம். லாரியைச் சமதளத்தில் நிறுத்தி, தொட்டியை இறக்கி, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, மெயின் ஸ்விட்சைப் பூட்டி, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். டயரை நோக்கி நடக்கும்போது டிரெட் (தரையைத் தொடும் பகுதி) இருக்கும் திசையிலிருந்து, அதாவது முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ வாருங்கள். பக்கச்சுவருக்கு நேரே நிற்க வேண்டாம்.

வந்தது பிரஷர் அலாரமா, வெப்ப அலாரமா என்று பாருங்கள். வெப்ப அலாரத்தோடு புகை, ரப்பர் எரியும் வாசனை, பிரேக் தீ, மின்னல் தாக்கியது, மின்கம்பி உரசியது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்திருந்தால் கிட்டேயே போகக்கூடாது. உள்ளே ரப்பர் சிதைந்து எரிவாயு உருவாகி, வெளியே தீ அணைந்த பிறகும் டயர் வெடிக்கும். சுரங்கங்களில் இதற்கு 300 மீட்டர் தள்ளி நில், 24 மணி நேரம் தொடாதே என்பதுதான் நடைமுறை. பெரிய டயர்களில் வெறும் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடித்து ஆக்சிஜனை 5 சதவீதத்துக்குக் கீழே வைப்பதும் இந்த ஆபத்துக்காகத்தான்.

இன்னொன்று. டயர் தனக்குரிய பிரஷரில் 80 சதவீதமோ அதற்கும் கீழோ இறங்கிய நிலையில் ஓடியிருந்தால், அங்கேயே காற்று ஏற்றிச் சமாளிக்க வேண்டாம். வால்வு கோரை (வால்வின் உள்ளே இருக்கும் சின்ன அடைப்பு) கழற்றி முழுதாக இறக்கி, சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். பின்பக்க ஜோடி டயர் என்றால் நட்டில் கை வைக்கும் முன் இரண்டையும் இறக்குங்கள்.

இரண்டாவது: கேஜ் என்ன சொல்கிறது

சோதித்துச் சான்று வாங்கிய கேஜ் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். டூல் பாக்ஸின் அடியில் ஸ்பேனர்களோடு உருண்டுகொண்டிருக்கும் கேஜை நம்பி இந்த வேலையில் இறங்காதீர்கள். நான் என் கேஜைத் துணியில் சுற்றித் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறேன், யாருக்கும் இரவல் தருவதில்லை.

கேஜ் வைக்கும் அதே நிமிடத்தில் டிஸ்ப்ளேயில் அந்த டயர் காட்டும் பிரஷரையும் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு டயருக்கும் செய்யுங்கள். அலாரம் அடித்த ஒன்றை மட்டும் பார்த்தால் பாதி விஷயம் கை நழுவிவிடும்.

கேஜும் டிஸ்ப்ளேயும் ஒத்துப்போய், இரண்டுமே குறைவு என்றால் சிஸ்டம் சரியாகத்தான் வேலை செய்கிறது. டயரில் கசிவு. சோப்புத் தண்ணீரை வால்வின் அடி, வால்வு கோர், லாக் ரிங் ஓரம், ரிம் ஓ-ரிங் இருக்கும் இடம், பீட் (டயர் ரிம்மில் உட்காரும் ஓரம்) சுற்று என்று வரிசையாக ஊற்றிப் பாருங்கள். வால்வின் மேல் திருகும் வகை சென்சார் என்றால் சென்சாரும் வால்வும் சேரும் திருகிலும் ஊற்றுங்கள். அந்தச் சிறிய ரப்பர் வளையம் காய்ந்து போனால், கசிவைக் கண்டுபிடிக்க வந்த சென்சாரே கசிவுக்குக் காரணமாகிவிடும்.

ஆறு டயரிலும் டிஸ்ப்ளே கேஜைவிடச் சரியாக 14 அல்லது 15 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டுகிறதா? ஒரே நாளில் ஆறு சென்சாரும் ஒரே அளவில் கெட்டுப்போகாது. கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. சென்சார் முழு அழுத்தத்தை அனுப்புகிறது, டிஸ்ப்ளே வெளிக்காற்றைக் கழிக்க மறந்திருக்கிறது. செட்டிங்கில் மாற்ற வேண்டிய விஷயம். அலகுக் குழப்பமும் அப்படித்தான்: 100 பிஎஸ்ஐ என்றால் 690 கிலோபாஸ்கல், 6.9 பார். அலாரம் எல்லையை ஒருவர் ஒரு அலகில் மனதில் வைத்து இன்னொன்றில் அடித்துவிட்டால் லாரி நாள் முழுக்கக் கத்தும்.

மூன்றாவது: சூட்டுக் கணக்கு

பிரஷர் கூடுதல் என்று வரும் அலாரங்களைத் தீர்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். காலையில் 30 டிகிரியில் டயர் 100 பிஎஸ்ஐ. மதியம் மண் ஏற்றி ஓடி உள்காற்று 70 டிகிரி. எவ்வளவு காட்ட வேண்டும்?

வெளிக்காற்றைச் சேர்த்தால் 114.7. வெப்பத்தோடு 273-ஐக் கூட்டினால் காலையில் 303, மதியம் 343. 114.7-ஐ 343-ஆல் பெருக்கி 303-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 130. அதிலிருந்து 14.7-ஐக் கழித்தால் 115 பிஎஸ்ஐ. இது ஆரோக்கியமான டயர். இதைப் பார்த்துப் பயந்து யாராவது 15 பிஎஸ்ஐயை வெளியே விட்டால், மறுநாள் காலை அந்த டயர் 87 பிஎஸ்ஐக்கும் கீழே நிற்கும். குறைந்த காற்றில் பக்கச்சுவர் அதிகமாக மடங்கும், இன்னும் சூடேறும். சூடான டயரில் காற்றை இறக்கக்கூடாது என்று பெரியவர்கள் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் பொய் சொல்லும் சென்சாரும் மாட்டிக்கொள்ளும். டிஸ்ப்ளே 70 டிகிரி என்கிறது, பிரஷரோ காலையில் இருந்த அதே 100. அப்படியானால் ஒன்று காற்று இறங்கியிருக்கிறது, அல்லது வெப்ப அளவு தவறு. ரிம்மில் பொருத்திய சென்சார் பிரேக் சூட்டை வாங்கிக்கொண்டு உள்காற்றைவிடக் கூடுதலாகக் காட்டலாம். வால்வுக்கு வெளியே இருக்கும் சென்சார் வெயிலையும் மழையையும்தான் பெரும்பாலும் அளக்கிறது. சில சிஸ்டங்கள் வெப்பத்தை வைத்துக் கணக்கிட்டு, குளிர்ந்த நிலைக்கு மாற்றிய பிரஷரை மட்டும் காட்டும். அவற்றில் வெப்பம் பிசகினால் பிரஷரும் பிசகும்.

மேற்கு வெயிலில் ஒரு பக்கம் காயும்படி லாரி நின்றிருந்தால் அந்தப் பக்க டயர்கள் 10 டிகிரி கூடுதலாக இருந்தாலே சுமார் 4 பிஎஸ்ஐ வித்தியாசம் வரும். கசிவு என்று நினைத்துவிட வேண்டாம். இவ்வளவு பெரிய டயர் முழுதாகக் குளிர 24 மணி நேரம் வரை ஆகும் என்பதையும் மனதில் வையுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நின்றது குளிர்ந்த டயர் ஆகாது.

நான்காவது: எந்தச் சக்கரங்கள் என்று பாருங்கள்

கேஜ் சரி, டயர் சரி, டிஸ்ப்ளேதான் தவறு என்று உறுதியானதும் கருவியைத் திறக்காதீர்கள். ஒரு தாளில் ஆறு வட்டம் போடுங்கள். முன் இடது 1, முன் வலது 2, பின்பக்கம் இடமிருந்து வலமாக 3, 4, 5, 6. (ஆர்ட்டிகுலேட்டட் டிரக்கில் ஜோடி டயர் இல்லை, மூன்று அச்சுக்கும் இரண்டிரண்டு.) எந்த வட்டத்தில் தகவல் வரவில்லை, எப்போது வரவில்லை என்று எழுதுங்கள்.

ஒரே ஒரு சக்கரம் மட்டும் என்றால் சென்சார் பக்கம் போங்கள். ஒரே ரிசீவர் பார்த்துக்கொள்ளும் சக்கரங்கள் எல்லாமே என்றால் அந்த ரிசீவரும் அதன் வயரும். ஆறுமே என்றால் மின்சாரமும் கேன் பஸ்ஸும் (வண்டியின் கருவிகள் தகவல் பரிமாறும் இரட்டை வயர்). ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தாண்டும்போது மட்டும் என்றால் அங்கே இருக்கும் வேறு ரேடியோ கருவி. கேபினில் புதிதாக மாட்டிய மலிவான எல்.இ.டி. விளக்கும், செல்போன் சார்ஜ் செய்யும் இன்வெர்ட்டரும்கூட சிக்னலைக் கெடுக்கும். அவற்றை அணைத்துவிட்டு ஒரு நடை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரு சக்கரம் மட்டும் பேசவில்லை என்றால்

கையடக்க ரீடரை அந்த சென்சார் பக்கத்தில் கொண்டுபோய்க் கேளுங்கள். பல சென்சார்கள் லாரி நிற்கும்போது பேட்டரியை மிச்சம் பிடிக்க அரிதாகத்தான் பேசும், ஆகவே அவசரப்பட்டுச் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். ரீடருக்குப் பதில் வந்து, லாரியின் டிஸ்ப்ளேக்கு வரவில்லை என்றால் சென்சார் நல்லதுதான். வழியில் ஏதோ மறைக்கிறது. உள் டயரின் சென்சாருக்கு இது அடிக்கடி வரும், சுற்றிலும் எஃகு ரிம்மும் டயருக்குள் எஃகுக் கம்பியும்தானே. ஆன்டெனாவின் மேல் அப்பிக் காய்ந்த களிமண்ணைச் சுரண்டி எடுத்த பிறகு திரும்பப் பேச ஆரம்பித்த லாரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

ரீடருக்கும் பதில் இல்லை என்றால் பேட்டரி. இது அடைத்து மூடிய பேட்டரி, மாற்ற முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும். ஒரே நாளில் மாட்டிய சென்சார்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் சாகும். ஒரு மாதத்தில் இரண்டு செத்தால் மற்ற நாலையும் அடுத்த டயர் கழற்றலோடு சேர்த்து மாற்றிவிடச் சொல்வேன். ஒவ்வொன்றுக்காக லாரியை நிறுத்துவது வீண்.

பேசுகிறது, ஆனால் பிரஷர் அசையவே இல்லை என்றால் சென்சாரின் காற்றுத் துளை அடைத்திருக்கும். கம்ப்ரெசர் தண்ணீர், பீட்டில் தடவிய பசை, ஓட்டை அடைக்கும் திரவம், இதில் ஏதாவது ஒன்று. ஆனால் அசையாத பிரஷருக்கு வேறொரு காரணமும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

புது சென்சார் வாங்கும்போது ரிசீவரின் அலைவரிசையோடு ஒத்துப்போகிறதா என்று பெட்டியின் மேல் பாருங்கள். 433 மெகாஹெர்ட்ஸ் வகை பரவலாக இருக்கிறது. ஆனால் கப்பலில் வந்த லாரி எந்த நாட்டுக்காகச் செய்தது என்று தெரியாமல் வாங்கக்கூடாது.

பின்பக்கம் மொத்தமாகப் போனால்

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். சிங்கப்பூரில் நம்மை அதிகம் அலைக்கழிப்பது இதுதான்.

கடலைத் தூர்த்த தளம் ஒன்றிலிருந்து ஒரு ஆர்ட்டிகுலேட்டட் டிரக் வந்தது. பின்னால் உள்ள நாலு சக்கரமும் தினம் காலையில் டிஸ்ப்ளேயிலிருந்து மறைந்துவிடும், மதியத்துக்குள் தானாக வந்துவிடும். எங்களுக்கு முன்னால் பார்த்தவர்கள் மூன்று சென்சார் மாற்றியிருந்தார்கள். நான் டிரைவரிடம் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, காலையில முதல் வேலை என்ன?" "வாஷிங் பேல நிறுத்தி நல்லா தண்ணி அடிப்பேன்ணே" என்றார்.

பின்பக்க ரிசீவருக்குப் போகும் கனெக்டரைக் கழற்றினேன். கழற்றியதும் ஒரு சொட்டுத் தண்ணீர் என் விரலில் விழுந்தது. நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. பின்களில் இரண்டு பச்சை பூத்து, ஒன்று தொட்டதும் பொடிந்தது. ரப்பர் சீல் ஒரு பக்கம் மடங்கி உட்கார்ந்திருந்தது. தினம் காலையில் வேகத்தண்ணீர் உள்ளே போகிறது, வண்டி சூடானதும் காய்கிறது, நாலு சக்கரமும் திரும்ப வருகிறது. சென்சார்கள் ஒரு பாவமும் செய்யவில்லை.

இங்கே தளத்தை விட்டு ரோட்டுக்கு வரும் வண்டிகள் சக்கரம் கழுவித்தான் வர வேண்டும். அதோடு கடற்காற்று, அடிக்கடி மழை. ஆகவே எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இப்போது பழக்கம் இதுதான்: பின், சீல் இரண்டையும் புதிதாகப் போட்டு, மின்கடத்தாக் கிரீஸ் மெல்லியதாகத் தடவி, வயரைக் கனெக்டருக்கு முன் கொஞ்சம் கீழே தொங்கும்படி வளைத்துக் கட்டுகிறோம். வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப் போய்விடும். கழுவும் ஆளையும் கூப்பிட்டு, இந்த இடத்தில் குழாயை நேராகப் பிடிக்காதே என்று கையால் காட்டுகிறோம்.

கனெக்டர் சுத்தமாக இருந்தும் தகவல் விட்டுவிட்டு வருகிறது என்றால், வண்டி நடுவில் மடங்கும் மூட்டின் பக்கம் பாருங்கள். வண்டி திரும்பும்போதெல்லாம் அங்கே வயர் மடங்கி நிமிர்கிறது. உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். இடது பக்கம் திரும்பும்போது மட்டும் தகவல் போகிறதா என்று டிரைவரிடம் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். கையால் அசைத்துப் பார்க்கும் முன் ஸ்டியரிங் பூட்டுக் கம்பியைப் போட்டு எஞ்சினை நிறுத்துங்கள். அந்த மூட்டுக்கு நடுவே ஆள் இருக்கும்போது ஸ்டியரிங்கை யாரும் தொடக்கூடாது.

ஆறும் இருட்டு என்றால்

ஃபியூஸ், எர்த், மின்னழுத்தம், இந்த வரிசை. எஞ்சின் ஓடும்போது 24 வோல்ட் வண்டியில் ரிசீவரின் கனெக்டரிலேயே 27, 28 வோல்ட் இருக்க வேண்டும். பேட்டரியில் பார்த்து திருப்திப்படாதீர்கள். ரிசீவரின் எர்த் வயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ்வுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்டோ துருவோ இருக்கிறது. ஓவர்ஹாலில் புதிதாக பெயின்ட் அடித்த வண்டிகளில் இதை முதலில் சந்தேகப்படுங்கள்.

மின்சாரம் சரி என்றால் கேன் பஸ். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு கேன் ஹை, கேன் லோ இரண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது, அல்லது வயர் அறுந்திருக்கிறது. 40 வந்தால் யாரோ மூன்றாவது ரெசிஸ்டரைச் சேர்த்திருக்கிறார்கள். பூஜ்யத்துக்கு அருகில் என்றால் இரண்டு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

கேன் பஸ்ஸில் கனரக வண்டிகள் பேசும் முறைக்கு ஜே 1939 என்று பெயர். அதில் எந்த அளவு என்று சொல்லும் எஸ்.பி.என். எண், டயர் பிரஷருக்கு 241, வெப்பத்துக்கு 242. அதோடு வரும், பழுது எந்த வகை என்று சொல்லும் எஃப்.எம்.ஐ. எண்ணையும் படியுங்கள். 9 வந்தால் தகவல் வர வேண்டிய இடைவெளியில் வரவில்லை, அதாவது சிக்னல் பிரச்சினை. 2 என்றால் தகவல் தாறுமாறாக வருகிறது. 3, 4 இரண்டும் மின்னழுத்தம் பற்றியவை, வயரிங்கைப் பாருங்கள்.

இன்னொரு நுணுக்கம். அந்த நெட்வொர்க்கில் பிரஷர் ஒரு எண்ணுக்கு 4 கிலோபாஸ்கல் என்ற கணக்கில் போகிறது. தகவலே இல்லை என்று சொல்ல 255 என்ற எண்ணை அனுப்புவார்கள். வெளியிலிருந்து வாங்கி மாட்டிய டிஸ்ப்ளே அதைப் புரிந்துகொள்ளாமல் பெருக்கிவிட்டால் 1020 கிலோபாஸ்கல் என்று காட்டும். பார்ப்பவர் டயர் வெடிக்கப் போகிறது என்று ஓடுவார். 1020 அசையாமல் நின்றால், அந்தச் சக்கரத்திலிருந்து தகவல் வரவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கேஜ் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் தவறு

அசையாத பிரஷர் என்று மேலே சொன்னேன் இல்லையா. டயர்களை இடம் மாற்றும்போது சென்சார் எண்ணை டிஸ்ப்ளேயில் மாற்ற மறப்பதுதான் அதற்கு இன்னொரு காரணம். நாலாம் இடத்து எண், கழற்றி யார்டில் சாய்த்து வைத்த பழைய சக்கரத்தின் சென்சாருடையதாக இருக்கும். லாரி யார்டுக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் அந்தச் சக்கரம் பேசும், டிஸ்ப்ளே சந்தோஷமாக 95 பிஎஸ்ஐ காட்டும். நாள் முழுக்க மண் அடித்தும் வெப்பம் ஏறாத டயர் உலகத்தில் இல்லை. உண்மையில் நாலாம் இடத்தில் ஓடும் டயரை யாரும் கவனிக்கவில்லை என்று அர்த்தம். எல்லாப் பழுதிலும் எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான், ஏனென்றால் இதில் அலாரமே அடிக்காது.

இதைச் சோதிக்க ஒரு டயரில் கொஞ்சமாக, 3 அல்லது 4 பிஎஸ்ஐ மட்டும், குளிர்ந்த நிலையில் இறக்குங்கள். இன்னொருவரைக் கேபினில் உட்கார வைத்து, டிஸ்ப்ளே புதுத் தகவல் காட்டும் வரை காத்திருந்து, எந்த இடத்து எண் இறங்குகிறது என்று கேளுங்கள். பிறகு ஏற்றிவிடுங்கள். ஆறுக்கும் செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். டயர் மாற்றிய ஒவ்வொரு முறையும் நாங்கள் இதைச் செய்கிறோம். டயர் பக்கச்சுவரின் வரிசை எண்ணும் சென்சார் எண்ணும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தில் இருக்க வேண்டும்.

பழுது நீக்கியதும் டிஸ்ப்ளேயில் உள்ள பழுது எண்ணை அழித்துவிட்டுக் கையொப்பம் போட வேண்டாம். சுமையோடு சில மணி நேரம் ஓடட்டும், ஆறு டயரின் வெப்பமும் பிரஷரும் சேர்ந்து ஏறுகின்றனவா என்று பாருங்கள். வண்டியைக் கழுவும் இடத்தில் விட்டு, வழக்கம்போலத் தண்ணீர் அடிக்கச் சொல்லி, மறுபடி பாருங்கள். மறுநாள் காலை முதல் நடைக்கு முன் கேஜை எடுத்துக்கொண்டு போய், டிரைவரையும் பக்கத்தில் நிற்க வைத்து, நாலாம் நம்பரைக் கேஜிலும் டிஸ்ப்ளேயிலும் அவர் கண்ணால் பார்க்கட்டும்.